சில்லுக்குப் பொருந்தாத சில்லு

தர்மபுரத்தில் ஒரு கணினி அறை இருக்கிறது. அது யாருடையது, எந்த ஒழுங்கையில் என்று எழுதப்போவதில்லை. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதி நெடுக இப்படி அறைகள் உண்டு. ஒன்றை மட்டும் பிடித்துப் பழி சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. வாசலில் கல்வெட்டு. வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் தங்கள் தாயாரின் நினைவாகத் தந்தது. உள்ளே பத்துக் கணினிகள், தூசி படாமல் துணி போட்டு மூடியிருக்கும். திறப்புவிழாப் படங்கள் முகநூலில் இன்னும் கிடக்கின்றன: குத்துவிளக்கு, நாடா, கத்தரிக்கோல், மாலை, கணினிக்கு முன்னால் இருத்திவைத்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. எல்லாரும் கமராவைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த அறைக்குள் நடந்த ஒரு சின்ன விசயத்தில் இருந்துதான் இந்தச் சண்டையைத் தொடங்குகிறோம்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிற ஒரு தங்கச்சி. தகப்பன் வயல் செய்கிறவர். நெல் இலையைப் படம் பிடித்துக் கொடுத்தால் அது எரிபந்தமா, மடிச்சுக்கட்டியா, வெறும் பசளைக் குறைவா என்று சொல்கிற ஒரு நிரல் எழுத வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். யாரும் சொல்லிக்கொடுத்த எண்ணம் அல்ல, சொந்தமாக வந்தது. யூரியூப்பில் பார்த்து, நிப்பாட்டி நிப்பாட்டி, முழுவதையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வரி: 'பிப் இன்ஸ்ரோல் ரென்சர்ஃபுளோ'. போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டு அடித்தாள். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'நோ மச்சிங் டிஸ்ரிபியூஷன் ஃபவுண்ட்'. பொருந்துகிற பொதி எதுவும் இல்லை என்று அர்த்தம். எழுத்துப் பிழையாக்கும் என்று திரும்ப அடித்தாள். அடுத்த நாள் வேறொரு வீடியோ பார்த்துவிட்டு வந்து அடித்தாள். மூன்றாம் நாள் எங்களில் ஒருவரிடம் வந்து சொன்னாள்: "அண்ணா, எனக்கு உது ஏறாது போல. நான் ஆர்ட்ஸே செய்திருக்கலாம்."

இதை நாங்கள் எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு வசனம்தான்.

பிழை எங்கே இருந்தது என்று பார்ப்போம். நிரல் நூலகம் என்பது வேறு யாரோ எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றில் இருந்து தொடங்கி எழுதத் தேவையில்லை, எடுத்துப் பாவிக்கலாம். முழுக்க முழுக்கப் பைத்தனில் எழுதப்பட்ட நூலகம் என்றால் பைத்தன் ஓடுகிற எந்தப் பெட்டியிலும் பொதுவாக ஓடும். ஆனால் கணக்குப் பாரம் கூடிய நூலகங்களின் உட்பகுதி சி, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் எழுதப்பட்டிருக்கும். அதைக் குறித்த ஒரு வகைப் புரொசசருக்கு விளங்குகிற கட்டளைகளாக முன்கூட்டியே மாற்றி, பொதியாகக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பொதிக்குப் பைத்தன்காரர் வைத்த பெயர் 'வீல்'. எங்கட தமிழில் வீலும் சில்லுத்தான், சிப்பும் சில்லுத்தான். ஆக நடந்தது இவ்வளவுதான்: பெட்டியில் இருந்த சில்லுக்குப் பொருந்துகிற சில்லு அங்கே இல்லை. அந்தக் கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7. கூகிள் 2015 இல் வெளியிட்ட ரென்சர்ஃபுளோவுக்கு 32 பிட் விண்டோசுக்கான அதிகாரபூர்வ வீல் ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று நாள் அல்ல, மூன்று வருடம் அடித்தாலும் அதே சிவப்பு எழுத்துத்தான் வந்திருக்கும்.

இதை அந்தச் சிவப்பு எழுத்து சொல்லாது. 'உன்னுடைய பெட்டி 32 பிட், நாங்கள் 64 பிட்டுக்கு மட்டும்தான் கட்டுகிறோம், மன்னித்துக்கொள்' என்று ஒரு வரி போட்டிருந்தால் பிள்ளை தன் தலையில் அடித்திருக்கமாட்டாள். இல்லை என்று மட்டும் சொல்லும், ஏன் இல்லை என்று சொல்லாது. எங்கட கச்சேரிக் கவுண்டர்கள் ஞாபகம் வருகின்றன.

பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் எங்களுக்குக் கோபம் வந்தது. உள்ளே இருந்தது கோர் 2 டுவோ. இன்டெல் 2006 இல் விட்ட வகை. பழசுதான், ஆனால் அது 64 பிட் சில்லு. அதாவது மாட்டுக்கு வலு இருக்கிறது, பூட்டியிருக்கிற நுகம்தான் சின்னன். யார் பூட்டியது? விசாரித்துக்கொண்டு போனோம். வந்த பெட்டிகளுக்கு விண்டோஸ் போட்டுக்கொடுத்த அண்ணை சொன்னார்: "ரேம் 2 ஜிபி தானே தம்பி, 32 போட்டால்தான் கெதியா ஓடும். எல்லாருக்கும் அதைத்தான் போடுறது." அவரிடம் இருந்தது ஒரே ஒரு டிஸ்க். கொப்பிக்குக் கொப்பி எடுத்த டிஸ்க். அதே டிஸ்க் எத்தனை கணினி அறைகளுக்குள் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் சொன்னது ஒரு காலத்தில் சரியான புத்திமதிதான். 32 பிட் முகவரியால் 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் எண்ண முடியாது. 2 ஜிபி மட்டும் இருக்கிற பெட்டிக்கு அது ஒரு குறையே இல்லை. 64 பிட் கொஞ்சம் கூட நினைவகம் தின்னும் என்பதும் மெய். பிரச்சினை என்னவென்றால், உலகம் அந்தப் புத்திமதியை விட்டு நகர்ந்தது எங்களுக்கு அறிவிக்கப்படவில்லை. லினக்ஸில் 32 பிட் குரோமைக் கூகிள் 2016 மார்ச்சில் நிறுத்தியது. உபுண்டு 2017 ஒக்ரோபரில் வந்த 17.10 இல் இருந்து 32 பிட் டெஸ்க்ரொப் தட்டுக்களைத் தருவதில்லை. கணக்கு நூலகங்களுக்கெல்லாம் அடித்தளமான நம்பை 2021 டிசெம்பரில் வந்த 1.22 இல் லினக்ஸின் 32 பிட் வீல்களைக் கைவிட்டது. கடைசியாக நின்ற பெரிய ஆல் டெபியன். அதுவும் 2025 ஓகஸ்ட்டில் வந்த 13 ஆம் பதிப்பில் 32 பிட் பெட்டிகளுக்கான நிறுவியையும் கேர்னலையும் விட்டுவிட்டது. ஒவ்வொன்றாகக் கதவுகள் சாத்தப்பட்டன. சாத்துகிற சத்தம் கண்டாவளைப் பக்கம் கேட்கவில்லை.

இதில் ஒரு கசப்பான பகிடியும் உண்டு. உயர்தரப் பாடத்திட்டத்தில் வொன் நியூமன் கட்டமைப்பு இருக்கிறது. இரும எண், நினைவகப் படிநிலை, எல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் பாடமாக்கி பல்தேர்வு வினாவுக்குப் புள்ளடி போட்டுவிட்டு வருவார்கள். ஆனால் தாங்கள் தொட்டுக்கொண்டிருக்கிற பெட்டி 32 ஆ 64 ஆ என்று பார்க்க ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 'மை கொம்பியூட்டர்' மேல் வலப்பக்கச் சொடுக்கு, 'புரொப்பட்டீஸ்'. இரண்டு சொடுக்கு. நாங்கள் கேட்டுப் பார்த்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எங்களில் பாதிப் பேருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, 64 பிட் லினக்ஸைப் போட்டோம். ஒரு பெட்டியில் இருந்த ரேமைக் கழற்றி மற்றதற்குப் போட்டு 4 ஜிபி ஆக்கினோம். (இதற்கு அனுமதி வாங்கப் பட்ட பாடு தனிக் கட்டுரை. கல்வெட்டில் பத்துக் கணினி என்று இருக்கிறது. ஒன்பதாகக் குறைந்தால் தந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?) இந்தமுறை பிப் ஓடியது. நூற்றுக்கணக்கான எம்பி இறங்கியது, ஒருவர் மாதக் கடைசிவரைக்கும் வைத்திருந்த டேட்டா. நிறுவியாயிற்று என்று வந்ததும் தங்கச்சி கை தட்டினாள். நிரலை ஓட்டினோம். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று ஒரு வரி. நிரல் செத்துவிட்டது.

இரண்டாவது அடி. 2018 இல் வந்த 1.6 பதிப்பில் இருந்து ரென்சர்ஃபுளோவின் ஆயத்தப் பொதிகள் ஏவிஎக்ஸ் என்கிற கட்டளைத் தொகுதியைப் பாவிக்கின்றன. அந்தக் கட்டளைகள் இன்டெல் சில்லுகளுக்கு 2011 இல் வந்தவை. கோர் 2 டுவோவுக்கு அது தெரியாத பாஷை. 32 பிட்டில் வாசலிலேயே மறித்தார்கள். இங்கே உள்ளே விட்டு, கதிரையில் இருத்தி, பிறகு கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். மூலநிரலை இறக்கி நாங்களே கட்டலாம்தானே என்று கேட்பீர்கள். பெரிய பெரிய இயந்திரங்களிலேயே மணிக்கணக்கில் எடுக்கிற வேலை அது. 4 ஜிபி ரேமில் அது முடிவதற்குள் அடுத்த கரண்ட் கட் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு வழக்கமான ஆறுதல் வார்த்தை கிடைத்தது. தந்த அமைப்போடு தொடர்புடைய ஒருவர், நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது பிள்ளையள்."

ஏன் பார்க்கக்கூடாது? வன்னியில் மாடு வைத்து உழுத எந்தக் கமக்காரனைக் கேட்டாலும் சொல்லுவான், பல்லைப் பார்க்காமல் வாங்கின மாட்டின் கதை வயலுக்குள் இறங்கும்போதுதான் தெரியும் என்று. அப்போது விதைப்பு முடிந்திருக்கும். தானம் கொடுத்தவருக்கு மனம் நோகக்கூடாது என்பதற்காக ஒரு பிள்ளை தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு பாடத்தை விடுவது எந்த ஊர் மரியாதை? அந்த முதுமொழி கொடுக்கிறவனின் முகத்தைக் காப்பாற்றச் சொன்னது. உழுகிறவனுக்குச் சொன்னது இல்லை.

இதைவிடக் கோபம் வருகிற இன்னொரு கதை இருக்கிறது. அது எங்களைப் புகழ்வதுபோல வரும். "வன்னிச் சனம் எதை வச்சும் சமாளிக்கும். பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில மோட்டசைக்கிள் ஓட்டின ஆக்கள், சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்ட ஆக்கள்." மெய்தான். பற்றரிக்கும் பெற்றோலுக்கும் தடை இருந்த காலத்தில் எங்கட அம்மா அப்பாமார் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அதை அவர்கள் விரும்பிச் செய்யவில்லை, வழியில்லாமல் செய்தார்கள். மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்கள் புகைந்து, கரி பிடித்து, கெதியில் செத்தன என்பதையும் அவர்களே சொல்லுவார்கள். அந்தச் சமாளிப்பை ஒரு பண்பாட்டுப் பெருமையாக்கி, 'உங்களுக்கு இது போதும்' என்று ஒதுக்கிவிடுகிற காரணமாக இன்றைக்குப் பாவிப்பது அயோக்கியத்தனம்.

தவிர, அந்த வித்தை இங்கே பலிக்கவும் மாட்டாது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம், எஞ்சினை ஏமாற்றலாம். கட்டிமுடித்த பொதியை ஏமாற்ற ஏலாது. 64 பிட் கட்டளையை 32 பிட் முறைமையில் கொண்டுபோய் வைத்தால் அது புகைந்து புகைந்தாவது ஓடாது. ஓடாது, அவ்வளவுதான்.

இனிக் கொஞ்சம் வெளியே போவோம். இது ஏதோ தொழில்நுட்பத்தின் இயற்கை விதி, மழை வெயில் போல, ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்களுக்காக இரண்டு கதை.

2020 நவம்பரில் அப்பிள் தன் எம்1 கணினிகளை விட்டது. இன்டெல் சில்லை விட்டு ஆர்ம் வகைச் சில்லுக்கு மாறியது. வாங்கினவர்கள் முதல் நாள் பைத்தன் நூலகங்களை நிறுவப் பார்த்தார்கள். பலதும் ஓடவில்லை. தர்மபுரத்துத் தங்கச்சிக்கு வந்த அதே வியாதி: சில்லுக்குச் சில்லுப் பொருந்தவில்லை. என்ன நடந்தது? பழைய நிரல்களை இடையில் நின்று மொழிபெயர்க்க ரொசெற்றா 2 என்ற கருவியை அப்பிள் முதல் நாளே கூடக் கொடுத்தது. ரென்சர்ஃபுளோவின் தனிப் பதிப்பு ஒன்றை அதுவே வெளியிட்டது. தன்னார்வலர்கள் இராப்பகலாக வேலை செய்தார்கள். ஒன்றிரண்டு வருடத்துக்குள் முக்கியமான நூலகங்களுக்கெல்லாம் வீல் வந்துவிட்டது. அதே காலத்தில்தான், 2021 டிசெம்பரில்தான், நம்பை 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. புதுக் கணினி வாங்கினவனின் பொருத்தமின்மைக்குப் பெயர் 'மாறுகிற காலம்'. பழைய கணினி வைத்திருக்கிறவனின் பொருத்தமின்மைக்குப் பெயர் 'வழக்கொழிந்தது'.

இரண்டாவது கதை இன்னும் வெளிச்சமானது. 2019 யூனில் உபுண்டுவை நடத்துகிற கனோனிக்கல், அடுத்த பதிப்பில் 32 பிட் பொதிகளை முற்றாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய கணினிக்காரர் யாரும் பெரிதாகச் சத்தம் போட்டதாகக் கேள்விப்படவில்லை. கொதித்து எழுந்தவர்கள் விளையாட்டுக்காரர். பழைய 32 பிட் வீடியோ கேம்கள் ஓடாமல் போய்விடும் என்பதால் ஸ்ரீம் தளத்தை நடத்துகிற வால்வ் நிறுவனம், இனி உபுண்டுவை அதிகாரபூர்வமாக ஆதரிக்கமாட்டோம் என்று சொன்னது. ஒரு கிழமைக்குள் கனோனிக்கல் இறங்கி வந்தது. தேர்ந்தெடுத்த 32 பிட் பொதிகளைத் தொடர்ந்து தருவோம் என்றது. ஆக, முடியாத வேலை அல்ல. யாருக்காக என்பதுதான் கேள்வி. கேம் விளையாடுகிறவர்களுக்குக் கட்ட முடிந்தது.

இதைச் சொன்னால், திறந்த மூலக்காரரைத் திட்டுகிறீர்களா, அவர்கள் இனாமாகச் செய்கிறவர்கள் என்று கேட்கிறார்கள். இல்லை. நம்பையைப் பராமரிக்கிறவர்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனித்தனியாகக் கட்டி, பரிசோதித்து, பிழை திருத்துவது எவ்வளவு பாடு என்று அந்த இரண்டு கிழமையில் எங்களுக்கே விளங்கியது. லினக்ஸ் பதிப்புகளே 32 பிட்டை விடும்போது தாங்கள் மட்டும் என்ன செய்வது என்ற அவர்களின் நியாயமும் நியாயம்தான். ரஸ்பெரி பை என்கிற குட்டிக் கணினிகளுக்கும் இதே பிரச்சினை இருந்தது. பிரித்தானியாவில் ஒரு சில பேர் பைவீல்ஸ் என்று ஒன்றைத் தொடங்கி, அந்த 32 பிட் ஆர்ம் சில்லுகளுக்காகப் பல்லாயிரம் பொதிகளைத் தாங்களே கட்டி வைத்தார்கள். அரசாங்கம் அல்ல, பெரிய நிறுவனமும் அல்ல. தங்களைச் சுற்றி எந்தப் பெட்டி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்பக் கட்டியவர்கள். எங்களைச் சுற்றி எந்தப் பெட்டி இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? தமிழில் இவ்வளவு பொறியியலாளர்கள் இருக்கிறோம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அறிவியல்நகரில் பொறியியற் பீடம் இருக்கிறது, தர்மபுரத்தில் இருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்.

"ஏன் இவ்வளவு பாடு? கொலாப்பைப் பாவியுங்கோவன்" என்று சொன்ன நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகிள் கொலாப் நல்ல சாமான். உலாவியைத் திறந்தால் காணும், நிரல் எங்கோ தூரத்துப் பெரிய கணினியில் ஓடும். நாங்களும் பாவிக்கிறோம். ஆனால் இணைப்பு விழுந்தால் எல்லாம் விழும். இலவசமாகப் பாவிக்கிறவரைக் கொஞ்ச நேரத்தில் துண்டித்தும் விடும். நூறு இலைப் படங்களை ஒவ்வொரு தரமும் டேட்டா காட்டில் ஏற்றுகிற பிள்ளைக்கு அது இலவசமும் அல்ல. இன்னொன்று: சொந்தப் பெட்டியில் நிறுவி, உடைத்து, திருத்திப் பார்க்காத பிள்ளை கணினியை ஒரு ஜன்னலாக மட்டும்தான் பார்க்கும். யாருடைய வீட்டு ஜன்னல் என்பது வேறு கதை.

'புதுசு வாங்கலாமே' என்பவர்களுக்குப் பதில் சொல்லவே தேவையில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியது. அந்த ஏற்றத்துக்குப் பிறகு ஒரு புது லப்டொப்பின் விலையைக் கேட்டுப் பார்த்த எவரும் இந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

தங்கச்சியின் நிரல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ரென்சர்ஃபுளோவை விட்டோம். டெபியனுக்குள்ளேயே, டெபியன்காரர் தங்கள் கையால் கட்டி வைத்திருக்கிற சைகிட்-லேர்ன் என்ற நூலகம் இருக்கிறது. பிப்பை நம்பாமல் டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்து எடுத்தால் பழைய சில்லுகளிலும் ஓடும். 12 ஆம் பதிப்பில் 32 பிட்டுக்கும் இருக்கிறது. ஆழக் கற்றல், நரம்பு வலை என்று பெரிய பெயர் ஒன்றும் இல்லை. இலையில் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு கபிலம், புள்ளிகள் நீளமா வட்டமா என்று எண்ணி, அந்த எண்களை வைத்து வகைப்படுத்துகிற பழைய முறை. மூன்றுக்கு ஒன்றைப் பிழையாகத்தான் சொன்னது. அவளுடைய அப்பா பார்த்துவிட்டு, "என்னைவிடப் பரவாயில்லை" என்றார். பகிடிக்குச் சொன்னாரோ தெரியாது. அவள் இப்போது பிழையாகச் சொன்ன படங்களைத் தனியாக எடுத்து, ஏன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆர்ட்ஸ் கதை பிறகு எடுக்கவில்லை.

ஆனால் இதை ஒரு வெற்றிக் கதையாக யாரும் பகிர வேண்டாம். அவள் மூன்றாம் நாள் எங்களிடம் வந்ததால் இது நடந்தது. வராமல் வீட்டுக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்?

இப்போது ஏன் அவசரமாக எழுதுகிறோம் என்றால், அலை ஒன்று வருகிறது. விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும், ரீபிஎம் 2.0 வேண்டும். அந்தத் தகுதி இல்லாத கணினிகளை கனடா, இங்கிலாந்து, ஜேர்மனி, சுவிஸ் அலுவலகங்கள் இனிக் கழிக்கும். கழிப்பதில் ஒரு பங்கு சங்கங்கள், பழைய மாணவர்கள், கோயில்கள் வழியாக எங்கள் பக்கம் வரும். வரட்டும். முதல்முறையாக, வருகிறது உண்மையிலேயே நல்ல சாமான். நாலாம், ஐந்தாம், ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5. எல்லாம் 64 பிட். எல்லாத்திலும் ஏவிஎக்ஸ் இருக்கிறது. விண்டோஸ் 11 வேண்டாம் என்று தள்ளியதை லினக்ஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்.

எங்கட பயம் ஒன்றுதான். அந்தப் பெட்டிகளும் இங்கே வந்திறங்கியதும் அதே அண்ணையிடம் போகும், அதே டிஸ்க் உள்ளே போகும், நாடா வெட்டப்படும், துணி மூடப்படும்.

ஆகவே புலம்பெயர்ந்த உறவுகளுக்கு: கணினி அனுப்ப முதல் சில்லின் பெயரையும் ரேமின் அளவையும் எழுதி அனுப்புங்கோ. எத்தனை பெட்டி என்பது இரண்டாவது. பென்ரியம் 4, பழைய நெற்புக் என்றால் மனம் நோகாமல் கேளுங்கோ, அனுப்ப வேண்டாம். கப்பல் கூலிக்கு இங்கே நாலு பெட்டிக்கு ரேம் வாங்கலாம். கல்வெட்டுக் காசில் ஒரு எஸ்எஸ்டி வாங்கலாம். அம்மாவின் பெயரை வேண்டுமென்றால் கணினியின் பெயராகப் போட்டுவிடுவோம், ஒவ்வொரு தரமும் திறக்கும்போது திரையில் வரும். கல்வெட்டைவிடக் கூட ஆக்கள் பார்ப்பார்கள்.

அதிபர்மாருக்கும் ஆசிரியர்களுக்கும்: பொருளை ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்க முதல் ஒரு பெட்டியை இயக்கி, அது 32 ஆ 64 ஆ என்று பாருங்கோ, சேர். இரண்டு சொடுக்குத்தான். தெரியாவிட்டால் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. இனித் தெரியும்.

தமிழுக்குக் கருவி செய்கிற தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முத்து அண்ணாமலையும் தோழர்களும் செய்த ஓப்பன்-தமிழ் நூலகம் பைத்தனிலேயே எழுதப்பட்டது. எந்தச் சில்லு என்று கேட்காது. அந்த 32 பிட் விண்டோஸ் 7 பெட்டியிலேயே முதல் அடியில் நிறுவப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சர்வேஸ்வரன் குழுவினர் செய்த தமிழி மோர்ஃப், சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரிப்பது, ஃபோமா என்கிற சின்ன சி நிரலின் மேல் நிற்கிறது; அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. புதிதாக வருகிறவை பலதும் பைரோர்ச் இல்லாமல் அசைவதில்லை. பைரோர்ச்சுக்கு 32 பிட் வீல் இல்லை. பெரிய மாதிரிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியிட முதல் ஒருக்கா, ஒரே ஒருக்கா, 4 ஜிபி ரேம் பெட்டியில் ஓட்டிப் பாருங்கோ. ஓடவில்லை என்றால் 'எதில் ஓடாது' என்று தமிழில் ஒரு வரி எழுதிவிடுங்கோ. சிவப்பு எழுத்தை விட அது மேல்.

டிஸ்க் அண்ணையோடு நாங்கள் சண்டை போடவில்லை. 64 பிட் டெபியனும் லுபுண்டுவும் போட்ட ஒரு பென்ரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். "இது விண்டோஸ் மாதிரி இருக்குமோ?" என்று கேட்டார். கொஞ்சம் வித்தியாசம் என்றோம். வாங்கி லாச்சிக்குள் போட்டார். லாச்சிக்குள்தான் இன்னும் கிடக்கிறது, போன கிழமை பார்த்தோம். சனிக்கிழமை திரும்பப் போகிறோம், இந்தமுறை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. மிச்ச எட்டுப் பெட்டியும் இருக்கிறதுதானே.